பதினேழாம் தேதி

சிறுவயதில் எங்கள் வீட்டில் மாதத்தின் 15ஆம் தேதி இராச்சாப்பாடு தாமதமாகும். பிள்ளைகள் எங்களுக்கு அது முன்னமே தெரியும். அன்று சாயங்காலத்துக்கு உரியது 78ஆம் சங்கீதம், 72 வசனம். செங்கடல் பிளந்தது, மன்னா பெய்தது, ஜனங்கள் முறுமுறுத்தது, கடைசியில் ஆட்டுத் தொழுவத்திலிருந்து தாவீதைக் கூட்டி வந்தது என்று முழுக் கதையும் அதில் இருக்கிறது. ஆச்சி அரிக்கேன் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, ஒரு வசனத்தையும் விடாமல், அவசரமும் படாமல் வாசிப்பாள். தம்பி என் மடியில் சாய்ந்து தூங்கிவிடுவான். தாத்தா சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருப்பார். அவரும் தூங்குகிறார் என்று நினைத்தால் தவறு. ஆச்சி ஒரு வரி தாவிவிட்டால் கண்ணைத் திறக்காமலே, "ஒண்ணு விட்டுட்டே" என்பார். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

எங்கள் ஊர் தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது. இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986க்கு முன் எல்லாமே திருநெல்வேலி. செம்மண், பனை, நடுவில் ஒரு கோயில். மரத்தின் உச்சிக்குப் போனால் மெய்ஞ்ஞானபுரத்துக் கோயில் கோபுரம் தெரியும் என்று தாத்தா சொல்வார். 192 அடிக் கோபுரம் அது, தெரிந்திருக்கும். தரையில் நிற்கிற எங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தினமும் தெரிகிறது என்பது அப்போது எனக்குப் பெரிய பொறாமை.

சங்கீதத்தைத் தேதி வைத்து வாசிக்கும் பழக்கம் ஆச்சியின் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெப புத்தகத்தில், 1549இல் கிரான்மர் அத்தியட்சர் அதைத் தொகுத்தபோதே, 150 சங்கீதங்களையும் முப்பது நாளுக்குப் பங்கிட்டு, ஒவ்வொரு நாளுக்கும் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று அறுபது பங்காக வைத்துவிட்டார். மாதத்துக்கு 31 நாள் இருந்தால், முப்பதாம் தேதிக்கு உரியதையே மறுநாளும் வாசிக்க வேண்டும். மிஷனெரிமார் அந்தப் புத்தகத்தைத் தமிழாக்கித் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தார்கள். 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, பிறகு ஆராதனை முறைகளும் புதிதாக வந்தன. ஆனால் பழைய புத்தகம் சில வீடுகளின் மாடக்குழியில் தங்கிவிட்டது. எங்கள் வீடு அதில் ஒன்று. ஆச்சி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அவள் வேதாகமத்தின் முன்னட்டையின் உட்புறத்தில், பென்சிலால் முப்பது வரி எழுதியிருக்கும்: தேதி, காலை, மாலை. எழுத்து மங்க மங்க அதன் மேலேயே மறுபடி எழுதுவாள்.

அதனால் எங்களுக்குத் தேதி என்றால் வெறும் எண் அல்ல. நாலாம் தேதி சாயங்காலம் மேய்ப்பனின் சங்கீதம். அன்றைக்கு எல்லாருக்கும் மனப்பாடம், விளக்குகூட வேண்டாம். 24ஆம் தேதி சாயங்காலம் தொடங்கி 26 வரைக்கும் 119ஆம் சங்கீதம், 176 வசனம். முப்பதாம் தேதி சாயங்காலம் முழுக்கத் துதி. தம்பிக்கு அது பிடிக்கும், தாளத்துக்கும் தம்புருக்கும் அவன் வாயாலேயே சத்தம் எழுப்புவான், ஆச்சி தடுக்கமாட்டாள்.

தாத்தாவின் நாள் கோழி கூப்பிடும் முன்பே தொடங்கும். நாற்பது மரத்துக்கு மேல் அவர் பொறுப்பில் இருந்தது. காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். வெங்காயத் தோல் அளவுக்குத்தான் சீவுவது. அந்தச் சீவலில்தான் பதநீர் சொட்டும். ஆழமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து, சொட்டுவது நின்றுபோகும். ஒரே நாளில் பத்து நாளுக்கு உரியதைச் சீவி வைக்க வழியே கிடையாது. மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் இதுதான் வாழ்க்கை. காய்ச்சலானாலும் யாரையாவது கெஞ்சிக் கூட்டி ஏற்றிவிடுவார்.

ஒவ்வொரு மரத்தடியிலும் தளைநாரைக் காலில் மாட்டும் முன், உள்ளங்கையை மரத்தில் வைத்து ஒரு நொடி நிற்பார். உதடு அசையும். நான் ஒருநாள் கூடப் போனபோது, "என்ன தாத்தா சொல்லுதீங்க?" என்று கேட்டேன்.

"ஆண்டவரேன்னு சொல்லுதேன்."

"அவ்வளவுதானா?"

"மரத்துல ஏறணும்லாம்மா. அதுக்கு மேல சொல்ல நேரம் எங்க இருக்கு?"

நாற்பது மரம், இரண்டு வேளை. ஒரு நாளைக்கு எண்பது தடவைக்கு மேல் அந்த ஒரு சொல். இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தது அவர் இறந்து பல வருஷம் கழித்து. ஜெபம் என்றால் முழங்கால் போட்டு நெடுநேரம் இருப்பது என்று நான் நம்பியிருந்த காலத்தில், அந்த ஒரு நொடியை ஜெபம் என்று எண்ணவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமையும் பாளை காத்திருக்காது. அதனால் அன்றும் ஏறுவார். ஆனால் அன்றைய பதநீரை எங்கள் வீட்டில் விற்கவும் மாட்டார்கள், காய்ச்சவும் மாட்டார்கள். கோயில் விட்டு வருகிறவர்கள், வழிப்போக்கர், யார் வந்தாலும் பட்டை பிடித்து ஊற்றிக் கொடுப்பார்கள். ஓய்வுநாளைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் பிறகு கேட்டிருக்கிறேன். பனையோலைப் பட்டையில் வழிந்த அந்தப் பதநீரைப்போல் எதுவும் எனக்கு அதை விளக்கவில்லை.

ஆச்சிக்கு ஒரு கலயம் இருந்தது. உலை கொதித்ததும், அரிசியைக் களையும் முன், முறத்திலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போடுவாள். காலையில் கஞ்சிக்கு ஒரு பிடி, இரவுச் சோற்றுக்கு ஒரு பிடி. பிடி அரிசி என்று பெயர். ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் தட்டுவார்கள். அரிசி குறைந்த மாதங்களில் ஆச்சியின் பிடியும் சிறுத்துப்போகும்; ஆனாலும் கை கலயத்துக்குப் போகாமல் இருக்காது. "இது எங்க போகுது ஆச்சி?" என்று கேட்டால், "தோர்ணக்கல்லுக்கு" என்பாள். பக்கத்து ஊர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1903இல் பாளையங்கோட்டையில் சிலரோடு சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்; அந்தச் சங்கம் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியது; 1912இல் அவரே அங்கே அத்தியட்சர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய அத்தியட்சர் அவர்தான். ஆச்சிக்கு இந்த வருஷக் கணக்கெல்லாம் தெரியாது. நம்ம ஊர்க்காரர் ஒருவர் நம்ம அரிசியைக் கொண்டுபோனார் என்று மட்டும் தெரியும். என் காலத்தில் அந்த அரிசி எங்கெங்கோ போயிருக்கலாம். அவளுக்கு அது தோர்ணக்கல்தான்.

கோடை விடுமுறையில் நான் விடிலியில் ஆச்சியோடு இருப்பேன். பதநீர் காய்ச்சும் ஓலைக் கொட்டகைக்கு எங்கள் பக்கத்தில் விடிலி என்று பெயர். நான் அடுப்புக்குக் காய்ந்த ஓலையும் மட்டையும் தள்ளுவேன். பதநீர் பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டால் அடங்கும். பிறகு பாகாகத் திரளும் கூப்பனிப் பதம். அதற்குப் பிறகு கண்ணை எடுக்க முடியாது. கூப்பனி ஆவதற்கு முன்னால் கொஞ்சம் ஓய்வு உண்டு. அதுதான் ஆச்சியின் காலை வேளை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வேதாகமத்தைப் பிரிப்பாள். இன்றும் என் வேதாகமத்தைத் திறந்தால் எனக்குக் கருப்பட்டி வாசனை வருகிற மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு 17ஆம் தேதி. காலைப் பங்கு 86, 87, 88. எனக்குப் பத்து வயதிருக்கும். 88ஆம் சங்கீதத்தை அன்றுதான் காதுகொடுத்துக் கேட்டேன். பதினெட்டே வசனம். ஏமான் என்பவன் பாடியது. இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போகிறான். மற்றச் சங்கீதங்களில் எவ்வளவு அழுதாலும் முடிவுக்குள் ஒரு வெளிச்சம் வந்துவிடும். இதில் வரவில்லை. நண்பர்களும் போய்விட்டார்கள், இருட்டுதான் என்கிற இடத்தில் நின்றுவிடுகிறது. ஆச்சி புத்தகத்தை மூடினாள்.

"முடிஞ்சு போச்சா? ஆண்டவர் ஒண்ணும் சொல்லலியே ஆச்சி?"

"சொல்லல."

"அப்பம் அவன் என்ன செய்வான்?"

ஆச்சி அடுப்பைப் பார்த்தாள். "அது அப்படியே கெடக்கட்டும். நாளைக்குப் பதினெட்டு வரும்லா" என்றாள். அகப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கூப்பனி ஆகிக்கொண்டிருந்தது.

தாத்தா 1984இல் இறந்தார். மரத்திலிருந்து விழுந்து அல்ல, படுக்கையில், அமைதியாக. நான் செவிலியர் படிப்புக்குப் போனேன். பிறகு சென்னையில் வேலை.

ஊரை விட்டு வந்ததும் பழக்கம் விட்டுப்போயிற்று என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் நடந்தது அப்படியல்ல. நான் விட்டது பழக்கத்தை மட்டும்தான். ஆண்டவர்மேல் ஆசை அதிகமாகத்தான் ஆயிற்று. சென்னையில் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போனேன். ஆயிரக்கணக்கானவர்களோடு மணலில் உட்கார்ந்து பாடினேன், அழுதேன், ஒப்புக்கொடுத்தேன். அந்த மூன்று நாளும் உண்மை. அதில் ஒரு துளியும் பொய் இல்லை. இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் நாலாம் நாள் காலையில் டூட்டி இருக்கும். மூன்று வாரத்துக்குள் உள்ளம் பழையபடி காய்ந்துவிடும். காய்ந்ததற்கு என்னையே குற்றப்படுத்திக்கொள்வேன். அடுத்த கூட்டத்தில் இன்னும் அதிகமாக அழுவேன். ஆழமாக வெட்டினால் அதிகம் சொட்டும் என்று எண்ணியிருந்தேன் போலும், பாளைச் சீவல் பார்த்து வளர்ந்தவள் நான்.

வேதாகமத்தை ஒரே வருஷத்தில் முடிக்கும் திட்டத்தையும் பலமுறை எடுத்தேன். 66 புத்தகம், 1,189 அதிகாரம். தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் 52 வாரத்தில் முடிந்துவிடும். நல்ல கணக்கு. அதன்படி வாசித்து வருஷா வருஷம் முடிக்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் காலைத் தொடலாம். எனக்கு நடந்தது வேறு. ஆதியாகமமும் யாத்திராகமமும் தொண்ணூறு அதிகாரம். ஜனவரி கடைசியில் லேவியராகமத்துக்குள் நுழைவேன். அதே நேரம் இரவு டூட்டி வாரம் வரும். இரண்டு நாள் விட்டால் ஆறு அதிகாரம் பாக்கி. ஒரு வாரம் விட்டால் இருபத்துமூன்று. பாக்கி ஏற ஏறப் புத்தகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும். கடன்காரன் வீட்டு வாசலைச் சுற்றிக்கொண்டு போகிறவனைப்போல, வேதாகமம் இருந்த அலமாரியைச் சுற்றிப் போயிருக்கிறேன்.

1993இல் எனக்குத் திருமணம். கணவர் தபால் துறையில் இருந்தார். 1996 ஆகஸ்ட் முதல் வாரத்தில், ஏழாம் மாதத்தில், எங்கள் முதல் பிள்ளையை இழந்தோம். அசைவு குறைந்ததை நான் கவனித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பிரசவ வார்டிலும் வேலை பார்த்தவள். எத்தனையோ தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தவள். பெண் பிள்ளை. அவள் முகத்தைப் பார்த்தேன். அதைப்பற்றி அதற்குமேல் எழுத எனக்கு முடியவில்லை.

பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். யோபுவின் வார்த்தையைச் சொன்னார்கள். ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கும் என்றார்கள். அன்பினால் சொன்னதுதான், எனக்கு அது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் என்மேல் ஒரு கல்லாக உட்கார்ந்தது. ஜெபம் பண்ண என்று யாராவது தலைகுனிந்தால் நான் சுவரைப் பார்த்துக்கொள்வேன். ஆண்டவர் இல்லை என்று நான் நினைக்கவில்லை. இருக்கிறார் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஆச்சி அப்போது எழுபதைத் தாண்டியிருந்தாள். ஊரிலிருந்து பேருந்தில் வந்தாள், ஒரு பையில் துணியும் வேதாகமமும், ஓலைப்பெட்டியில் கருப்பட்டியும். என் தலையில் கை வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நேரே அடுக்களைக்குப் போய்க் கஞ்சி வைத்தாள். நாற்பது நாள் இருந்தாள். அந்த நாற்பது நாளில் அவள் எனக்கு ஒரு புத்திமதியும் சொன்னதில்லை. என்னை ஜெபத்துக்குக் கூப்பிடவும் இல்லை. காலையிலும் சாயங்காலத்திலும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அன்றைய பங்கை அவளே வாசித்துக்கொள்வாள். அவளுக்கு மௌனமாக வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டபடி எப்போதும் சத்தமாகத்தான். எங்கள் வீடு சின்னது. நான் படுத்திருந்த அறையில் எல்லாம் கேட்கும்.

17ஆம் தேதி காலை. 86, 87 என் காதில் விழவே இல்லை. 88 விழுந்தது. பத்து வயதில் விடிலியில் கேட்ட அதே குரல், கொஞ்சம் கரகரப்பாக. கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன். ஏன் தள்ளிவிட்டீர். இருட்டு. பிறகு பக்கம் மூடும் சத்தம். ஆறுதல் எதையும் அதோடு சேர்த்துச் சொல்லாமல் ஆச்சி எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

அன்றுதான் நான் அழுதேன். அதற்கு முன் பத்து நாளும் கண்ணீர் வரவில்லை. என் நிலைமை வேதத்துக்கு வெளியே இருக்கிறது, அதனால் நானும் வெளியே நிற்கிறேன் என்று எண்ணியிருந்தேன். அது உள்ளே இருந்தது. மாதம் தவறாமல், 17ஆம் தேதி காலையில், வாசிக்கிறவன் மனம் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாய்விட்டு வாசிக்கும்படி யாரோ அதை வைத்திருக்கிறார்கள். மனதுக்குப் பிடித்த சங்கீதத்தை மட்டும் தேடி வாசிக்கிற ஒருவரும் அதை எடுக்கமாட்டார்கள். நானும் எடுத்திருக்கமாட்டேன்.

பத்து நாள் கழித்து 27ஆம் தேதி சாயங்காலம். அன்றைய பங்கு 126இலிருந்து 131 வரை. சின்னச் சின்னச் சங்கீதங்கள். ஆச்சி 126ஐ வாசித்தாள், கண்ணீரோடே விதைக்கிறவர்களைப் பற்றியது. முடித்ததும் வாசிப்பு நின்றது. பக்கம் மூடும் சத்தம் கேட்டது.

அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். 127இல் பிள்ளைகள் கர்த்தர் தரும் சுதந்தரம் என்று வரும். 128இல் பந்தியைச் சுற்றி ஒலிவக் கன்றுகளைப்போலப் பிள்ளைகள். 131இல் பால் மறந்த குழந்தை, தாயின் அருகே. 78ஆம் சங்கீதத்தின் 72 வசனத்தில் ஒன்றைக்கூடத் தூங்கி விழும் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுக்காத ஆச்சி, எனக்காக நிறுத்தியிருந்தாள்.

நான் எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றேன். அவள் மூடிய புத்தகத்தை மடியில் வைத்து அதன்மேல் கையை வைத்திருந்தாள்.

"மிச்சம் இருக்கே ஆச்சி."

"இன்னைக்கு இது போதும்மா."

"வாசிங்க ஆச்சி."

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு வாசித்தாள். நான் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டேன். ஒலிவக் கன்றில் அவள் குரல் தட்டியது. அங்கே நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கினாள். 131இல் மூன்றே வசனம். முடிந்ததும் பரமண்டல ஜெபம். நான் சொல்லவில்லை. கடைசியில் ஆமென் மட்டும் சொன்னேன். அடுத்த நாளும் ஆமென் மட்டும். பல வாரம் என் ஜெபம் முழுவதும் அந்த ஒரு சொல்தான். அவள் விதைத்த ஜெபத்தின் கடைசியில் நான் ஒட்டிக்கொண்டேன்.

ஊருக்குப் புறப்படும் அன்று என் வேதாகமத்தின் முன்னட்டையில் அந்த முப்பது வரியை எழுதிக் கொடுத்தாள். "விட்டுப்போனா எண்ணாத. விட்ட நாளுக்குத் திரும்பிப் போவாத. அன்னைக்கு என்ன தேதியோ அதுல உக்காரு" என்றாள். நாற்பது நாளில் அவள் கொடுத்த ஒரே ஆலோசனை அதுதான்.

அதைத்தான் முப்பது வருஷமாகச் செய்துவருகிறேன். இதில் பாக்கி ஏறாது. ஒரு வாரம் விட்டுப்போனால், எட்டாம் நாள் உட்காரும்போது அந்த நாளுக்கு உரியது மட்டும் காத்திருக்கும். விட்டது அடுத்த மாதம் தானாக வரும். ஆரம்பத்தில் காலைப் பங்கு முழுவதும் முடியாது. ஒரு சங்கீதம் மட்டும் வாசிப்பேன், தேநீர் கொதிக்கும் முன். சமையலறையில் ஒரு முக்காலி உண்டு. அந்த முக்காலியில்தான் என்று வைத்துக்கொண்டேன். இடம் நிலையாக இருந்தது எனக்குப் பெரிய உதவி. மனம் வராத நாளிலும் கால் அங்கே போய்விடும். காய்ந்துபோன நாள்கள் நிறையவே உண்டு. வாசித்ததில் ஒரு வரியும் ஒட்டாமல் எழுந்த காலைகள்தான் அதிகம் என்றுகூடச் சொல்வேன். முன்பென்றால் அதை வைத்து என்னை நியாயந்தீர்த்திருப்பேன். இப்போது எழுந்து தேநீரை வடிகட்டுவேன்.

இரவு டூட்டியில் முக்காலி இல்லை. அங்கே வேறு வழி கிடைத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போதெல்லாம் கை கழுவ வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40இலிருந்து 60 நொடி என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல் என்று முறை உண்டு. அவசரத்தில் எல்லாரும் குறைத்துவிடுவார்கள். பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொன்னால் அந்த நேரத்துக்குச் சரியாக வருகிறது என்று ஒருநாள் கண்டேன். அதன்பிறகு குழாயைத் திறந்தால் ஜெபம் தொடங்கிவிடும். பூமியிலே என்று வரும்போது விரலிடுக்குக்கு வந்திருப்பேன். ஒரு இரவில் எத்தனை தடவை என்று எண்ணியதில்லை. மரத்தில் கை வைத்து நின்ற தாத்தாவை நான் புரிந்துகொண்டது அந்தத் தொட்டியருகேதான். ஆதிச் சபையாரின் திதாகே என்ற சிறு நூல் இந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. எனக்கு அந்த வேலையின் தயவில் அதைவிட அதிகமாகவே வாய்த்தது.

காலையில் டூட்டியை ஒப்படைக்கும்போது படுக்கை எண் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவோம். அதே வரிசையை வீட்டுக்குப் போகும் பேருந்தில் மறுபடி சொல்வேன். நாலாம் படுக்கை, மூச்சு சீராகட்டும். ஏழாம் படுக்கை, அவர் மகன் ஊரிலிருந்து வந்து சேரட்டும். ஒன்பதாம் படுக்கை இப்போது காலி. அந்தக் குடும்பத்தை நினைத்தருளும். ஒருவருக்கு ஒரு வாக்கியம். என் நிறுத்தம் வரும்போது பெரும்பாலும் முடிந்திருக்கும்.

1998இல் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்த மாதம் 27ஆம் தேதி சாயங்காலம் நான் 127ஐயும் 128ஐயும் வாசித்தேன். சந்தோஷமாகத்தான் வாசித்தேன், ஆனால் ஒலிவக் கன்றில் என் குரலும் தட்டியது. இன்றும் தட்டும். ஆச்சி நிறுத்திய அதே இடத்தில் நானும் நின்று, மூச்சு வாங்கி, மேலே போவேன். மகள் சின்ன வயதில், "அந்த இடத்துல மட்டும் ஏம்மா நிக்கிறீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு ஒரு அக்கா இருந்ததை அன்றுதான் சொன்னேன்.

ஆச்சி 2003இல் போனாள். கடைசி மாதங்களில் ஆட்களை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. என்னை என் அம்மா என்று நினைத்துப் பேசினாள். தேதியும் தெரியாது. ஆனால் நான் அருகில் உட்கார்ந்து அன்றைய பங்கைத் தொடங்கினால் உதடு கூடவே வரும். நான் வேண்டுமென்றே ஒரு வரியைத் தாவிப் பார்த்தேன். உதடு நின்றுவிட்டது. திரும்பிப் போய் அந்த வரியை வாசித்ததும் மறுபடி அசைந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு நானும் கணவரும் ஊருக்கே வந்துவிட்டோம். பனைகள் நிற்கின்றன, ஏறுவதற்கு ஆள் குறைவு. எங்கள் வளவில் ஒரே ஒருவர் வந்து ஐந்தாறு மரம் மட்டும் ஏறுகிறார். குருத்தோலை ஞாயிறுக்கு அவர்தான் கோயிலுக்கு ஓலை வெட்டித் தருகிறார். விடிலி இருந்த இடத்தில் மண்தான் கொஞ்சம் கறுத்திருக்கிறது. கணவர் அதிகம் பேசாதவர், ஜெபத்திலும் அப்படியே. வருஷக்கணக்காக நான் வாசிப்பேன், அவர் கேட்பார். போன வருஷம் எனக்குக் கண்புரை அறுவை நடந்தபோது, கட்டோடு படுத்திருந்தேன். சாயங்காலம் ஆனது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் என் வேதாகமத்தை எடுத்து, முன்னட்டையைத் திறந்து, தேதியின் மேல் விரலை ஓட்டும் சத்தம் எனக்குக் கேட்டது.

மகளுக்கு இப்போது ஒரு மகன். விடுமுறைக்கு வந்திருக்கிறார்கள். பையனுக்கு ஐந்து வயது. இந்த மாதம் 15ஆம் தேதி சாயங்காலம் அவன் பாதியிலேயே, "ஆச்சி, இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டான். முப்பத்தொன்று என்றேன். பெருமூச்சு விட்டு அவன் அம்மாவின் மடியில் சாய்ந்தான்.

இன்று மாதத்தின் 31ஆம் தேதி. நேற்றைய சங்கீதங்களே மறுபடியும். அவனுக்கு நேற்றே பிடித்துவிட்டது. கைத்தாளத்துக்கு இரண்டு தட்டு மூடிகளைக் காலையிலேயே எடுத்து ஒளித்து வைத்திருக்கிறான். உலை கொதிக்கிறது. நான் போய்ப் பிடி அரிசி எடுத்து வைத்துவிட்டு வரவேண்டும்.